பாலத்தடி ஷாப் பற்றி நான் சொன்ன மூன்று சொல்

எங்கள் பக்கம் கள்ளுக்கடை கிடையாது. சட்டம் அப்படி. பிராந்திக் கடை உண்டு. அதை அரசாங்கமே நடத்துகிறது. கள் வேண்டுமென்றால் கேரளம் போக வேண்டும். களியக்காவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சோதனைச்சாவடியைத் தாண்டி நடந்தால் போதும். திரும்பி வரும்போது கள் வயிற்றில் இருக்கலாம், கையில் இருக்கக் கூடாது. பல வருடங்களாக சனிக்கிழமைதோறும் நான் இப்படி மாநிலம் விட்டு மாநிலம் போய் வருகிறேன்.

நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். எட்டாம் வகுப்பு முடிக்கவில்லை. விடியும் முன்பே தோட்டத்துக்குப் போனால் பத்து மணிக்கு வேலை தீர்ந்துவிடும். பிறகு முழுப் பகலும் கையில் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்?

கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் கொத்தனார். பேசிக்கொண்டே இருப்பார். இன்னொருவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எதையும் எழுதி வைப்பார். நான் இரண்டும் செய்வதில்லை. என்னிடம் இருந்தது நாக்கு மட்டும்தான்.

ஒரு மடக்கு போதும். காலையில் இறக்கியதா, நேற்றைய மீதியா, தண்ணீர் சேர்ந்ததா, சீனி சேர்ந்ததா, சொல்லிவிடுவேன். எங்கே படித்தாய் என்று கேட்டால் தெரியாது. ஒருமுறை ஒரு கள்ளு ஷாப்பில், இதில் சாக்கரின் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. அடுத்த மாதம் எக்சைஸ்காரர்கள் வந்து அதையே சொல்லி அந்த ஷாப்பைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு நான் சொன்னால் சொன்னதுதான்.

கண்டக்டர் வாட்ஸப்பில் ஒரு குரூப் தொடங்கினார். பெயர் ‘ரப்பர் விலை நிலவரம்’. வீட்டில் போனை எடுத்துப் பார்த்தாலும் மரியாதை கெடாது. எந்த ஷாப்பில் கள் நன்றாக இருக்கிறது, எங்கே சமையல் ஆள் மாறிவிட்டது, எங்கே தாராக்கறி, அதாவது வாத்துக்கறி, பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துவிடுகிறது, எல்லாம் அதில் வரும். மூன்று பேராக இருந்தோம், நாற்பது பேராக ஆனோம். அதில் இரண்டு பேர் நிஜமாகவே ரப்பர் விலை தெரிந்துகொள்ளச் சேர்ந்தவர்கள். அவர்களுக்காகக் கண்டக்டர் தினமும் காலையில் விலையும் போட்டார். நேர்மையான ஆள்.

எனக்கு எழுத்துக்கூட்டி அடிக்க நேரமாகும். அதனால் பேசி அனுப்புவேன். “பாலத்தடி. நல்லது.” அவ்வளவுதான். அதற்குக் கீழே கண்டக்டர் அரைப்பக்கம் எழுதுவார். நுரை, புளிப்பு, மீன், கூட்டம், கக்கூஸ்.

பாலத்தடி என்பது நாங்கள் அதிகம் போகும் ஷாப். கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தகரக் கூரை, ஆறு பெஞ்சு. ஒரு சேச்சி சமைக்கிறார். நடத்துகிறவரை முதலாளி என்று சொல்வோம். பாத்திரம் கழுவுவதும் அவர்தான். கள் இறக்குகிறவர் ஒரே ஆள், அறுபது வயதிருக்கும். ஷாப்பைச் சுற்றியுள்ள பன்னிரண்டு தென்னையும் அவர் கையில். கள்ளைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போய்விடுவார். யாரிடமும் பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். பல வருடங்களாக நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நன்றாகப் பழகி வந்தோம்.

அது ஒரு ஆனி மாதம். சனிக்கிழமை. மழை விட்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். சேச்சி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தார். முதல் கிளாஸ் எனக்கு. அது வழக்கம். நான் சொல்லும் வரை மற்ற இருவரும் தொட மாட்டார்கள். பையிலிருந்து துவர்த்தை எடுத்து வாயைத் துடைத்தேன். துண்டை எங்கள் பக்கம் துவர்த்து என்போம். கண்ணை மூடி ஒரு மடக்கு எடுத்தேன்.

குப்பென்று அடித்தது. மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கிளாஸைக் கீழே வைத்தேன்.

“என்னடே?” என்றார் கொத்தனார்.

“மருந்து.”

எங்கள் வட்டாரத்தில் அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. கள்ளில் மயக்குமருந்து கலந்து ஆட்கள் செத்த கதையெல்லாம் எல்லோரும் கேட்டவர்கள்தான்.

கொத்தனார் கிளாஸை எடுத்து மோந்து பார்த்தார். கொஞ்சம் குடித்தும் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் தெரியல்லியே மக்கா.”

“ஒனக்கு சிமெண்டு மூக்கு,” என்றேன்.

கண்டக்டர் வாங்கி மோந்தார். ரொம்ப நேரம் யோசித்தார். “லேசா வருது,” என்றார். பிறகு, “நல்லாவே வருது,” என்றார். நான் சொல்லியிருக்காவிட்டால் அவருக்கு வந்திருக்காது. அது அன்று எனக்குத் தெரியவில்லை.

சேச்சி கரண்டியோடு வந்தார். “எந்தா அண்ணா, பிடிச்சில்லே?”

நான் எழுந்தேன். வெளியே வந்து போனை எடுத்தேன். “பாலத்தடி. மருந்து. போகாதீங்க.” மூன்று சொல். அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்காரி துவர்த்தைத் துவைக்க எடுத்தவள் தூரமாகப் பிடித்துக்கொண்டு, “இது என்ன நாத்தம்? கண்ணு எரியுது,” என்றாள்.

“கள்ளு கெட்டுப்போச்சு,” என்றேன்.

“கள்ளு கெட்டா துவர்த்து எதுக்கு நாறுது?”

நல்ல கேள்வி. நான் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த நான்கு நாளில் என்ன நடந்தது என்பதைக் கொத்தனார்தான் வந்து சொன்னார். புதன்கிழமை அவர் பாலத்தடிக்குப் போயிருக்கிறார்.

“நான் போகாதேன்னு சொல்லியும் போனியா?”

“நீ கள்ளைத்தானே சொன்ன? தாராக்கறியப் பத்தி ஒண்ணும் சொல்லல்லியே.”

ஷாப்பில் ஆளே இல்லையாம். குரூப்பில் இருந்த ஒரு ஆட்டோக்காரர் அந்தப் பக்கத்தவர். அவர் பாறசாலை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். சேச்சி கறியைச் சின்னச் சட்டியில் வைக்கத் தொடங்கிவிட்டாராம். முதலாளி கள் இறக்குகிறவரைக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு ஞாயிறு பார்ப்பேன், அதற்குள் ஆள் வராவிட்டால் நீ மரத்தை விட்டு இறங்கிக்கொள், ஒருவன் வண்டியில் கள் கொண்டுவந்து தருகிறேன் என்கிறான், அவனிடம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

“அவரு என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல்ல. உக்காந்து அரிவாளத் தீட்டிட்டு இருந்தாரு.”

“எதுக்கு?”

“பாளை சீவத்தான். வேற எதுக்குன்னு நெனச்ச?” கொத்தனார் கொஞ்சம் ரசித்துச் சிரித்தார். “ஆனா நான் கெளம்பும்போ ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு. அந்த மூணு சொல்லுக்காரன வரச் சொல்லு. மரத்து மூட்டுல வந்து நிக்கட்டு. கண்ணால பாத்துட்டுச் சொல்லட்டுன்னு.”

அது நியாயம் என்று எனக்குப் பட்டது. அறுபது வயதில் ஒரு மனுஷனைப் பன்னிரண்டு மரத்திலிருந்தும் ஒரேயடியாக இறக்கிவிடுவதென்றால், சொன்னவன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நானும் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவன்தான். ஒரே வித்தியாசம், நான் ஏறுவதில்லை.

சனிக்கிழமை தோட்டத்திலிருந்து நேரே போனேன். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பால் வெட்டுகிறவன் பக்கத்தில் பொதுவாகவே உட்கார மாட்டார்கள். ஒட்டுப்பால், அதாவது காய்ந்த ரப்பர் பால், நாறும். அதனால் ஒன்றும் தோன்றவில்லை.

கண்டக்டர் முன்னாலேயே வந்திருந்தார். கையில் நோட்டு. வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரும் கொண்டுவந்திருந்தார். ஷாப்பின் கிளாஸில் மருந்து தடவியிருக்கலாமாம். அவர் சர்வீஸில் அப்படித்தான், சில்லறையைக்கூட இரண்டு முறை பார்ப்பார்.

கள் இறக்குகிறவர் எனக்காக ஒரு மரத்தைக் காலையில் ஏறாமல் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். தலையை மரத்தின் பக்கம் அசைத்தார். ஏறினார். மேலே கள் சுரக்க எலும்பால் பாளையைத் தட்டும் சத்தம் கேட்டது. கலயத்தைச் சுரைக்குடுக்கையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்தார். வழியில் எங்கும் நிற்கவில்லை, எதையும் தொடவில்லை. கண்டக்டர் அதையெல்லாம் எழுதினார்.

டம்ளரில் ஊற்றினார். பால் போல வெள்ளையாக, மேலே இரண்டு ஈயோடு.

நான் பையைத் திறந்தேன். துவர்த்தை எடுத்து வாயைத் துடைத்தேன். அதைத் தோளில் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

அதே குப்பு. அதே எரிச்சல்.

கண்ணைத் திறந்தேன். முதலாளி, சேச்சி, கொத்தனார், கண்டக்டர் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கள் இறக்குகிறவர் மட்டும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்கிற சொல்லில் அவர் மரம் போகும். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

“மருந்து,” என்றேன்.

முதலாளி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

“மரத்துக்கே ஊசி போட்டிருப்பாரோ?” என்றார் கொத்தனார். கண்டக்டர் அதையும் எழுதினார்.

கள் இறக்குகிறவர் என் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். மோந்தார். மீதியை ஒரே மடக்கில் குடித்தார். ஈயை மட்டும் துப்பினார். பிறகு என் பக்கத்தில் வந்தார். இத்தனை வருடத்தில் அவர் முகத்தை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். நின்றேன்.

அவர் குனிந்து என் மீசையை மோந்தார். இடது பக்கம் ஒரு தடவை. வலது பக்கம் ஒரு தடவை.

“சேச்சி,” என்றார். “இங்கோட்டு வா.”

சேச்சி வந்து மோந்தார். “அய்யே! இது மீசையோ, ஆசுபத்திரிக் கக்கூஸோ?”

“நானும் பாக்கட்டு,” என்று கொத்தனார் வந்தார். ஒரு நொடிதான். தும்மினார். “எனக்குச் சிமெண்டு மூக்குன்னு சொன்னியே எரப்பாளி, சிமெண்டு மூக்குக்கே தெரியுதுடே!”

முதலாளி வந்து மோந்தார். கடைசியாகக் கண்டக்டர் நோட்டை மடித்து வைத்துவிட்டு மோந்தார். “இது லேசா இல்ல,” என்றார்.

நான் அசையாமல் நின்றேன். வேறு என்ன செய்ய? ஐந்து பேர் வரிசையாக ஒருவனின் மீசையை மோந்தால் அவன் நிற்கத்தான் வேண்டும்.

கள் இறக்குகிறவர் என் தோளிலிருந்து துவர்த்தை இரண்டு விரலால் தூக்கினார். மூக்குக்குக் கொண்டுபோகும் முன்பே தலையைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் தோட்டத்துச் சார் பாலை உறையவைத்து ஷீட் அடிப்பதை நிறுத்திவிட்டார். ஷீட்டைக் காயப்போடும் புகைப்புரையின் கூரை மழையில் விழுந்துவிட்டது. இனிமேல் பாலாகவே கேனில் கொடுப்போம் என்று சொல்லி ஒரு குப்பி அமோனியா தந்தார். வண்டி வரும் வரை பால் உறையாமல் இருக்க அதைக் கொஞ்சம் ஊற்ற வேண்டும். குப்பிக்கு மூடி சரியில்லை. கொண்டு போகும்போது உடைந்துவிடக் கூடாதென்று நான் அதைத் துவர்த்தில் சுற்றிப் பைக்குள் வைப்பேன். தோட்டத்தில் போய்க் குப்பியை எடுத்துவிட்டு, துவர்த்தை மடித்துப் பைக்குள்ளேயே போட்டுவிடுவேன். பால் சேர்க்கும் புரையில் எல்லாமே நாறும். அங்கே நிற்கும்போது எது எதன் நாற்றம் என்று யாருக்கும் தெரியாது. ஷாப்பில்தான் அது தனியாகத் தெரிந்திருக்கிறது. அதுவும் என் மூக்குக்குக் கீழே.

இதை அவர்களிடம் சொன்னேன். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான் என்று கொத்தனார் இன்னும் சொல்வார்.

கள் இறக்குகிறவர் துவர்த்தை என் தோளிலேயே திரும்பப் போட்டார். “இனி ஒன் ஆளுகள்கிட்டச் சொல்லு,” என்றார்.

சொன்னேன். அங்கேயே நின்று பேசி அனுப்பினேன். “பாலத்தடி. மருந்து கள்ளுல இல்ல. என் மீசையில. எல்லாரும் வாங்க.”

பதில்கள் வந்தன. ஒருவர், “எத்தனை தாரா குடுத்தாங்க?” என்று கேட்டார். இன்னொருவர், “நாக்கு விலை போயிட்டு,” என்றார். ஆட்டோக்காரர் ஒரு தாராவின் படத்தை மட்டும் அனுப்பினார். கண்டக்டர் நடந்ததையெல்லாம் நோட்டைப் பார்த்து மூன்று பக்கத்துக்கு எழுதிப் போட்டார். அதை யாரும் வாசிக்கவில்லை. மூன்று சொல்லை நம்பிய ஆட்கள் மூன்று பக்கத்தை நம்பவில்லை.

முதலாளி தலையைச் சொறிந்தார். “எனக்குப் புரிஞ்சு. ஆனா எனக்குப் புரிஞ்சிட்டு என்ன செய்ய? ஆள் வரணுமே. நாளைக்கு ஒரு ஞாயிறு. அடுத்தது கடைசி.”

கள் இறக்குகிறவர் அடுத்த மரத்தில் ஏறினார்.

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். பேசி நம்ப வைக்க எனக்குத் தெரியாது. ஆகவே துவர்த்தைத் துவைக்க விடவில்லை. தினமும் வேண்டுமென்றே அதில் குப்பியைச் சுற்றினேன். வீட்டுக்காரி அதை வாசலுக்குள் ஏற்ற மாட்டேன் என்றாள். முற்றத்துப் பலாமரத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டித் தொங்கவிட்டேன். “துணி நாறணும்னு இவ்வளவு பாடு படுற மனுஷன நான் கண்டதில்ல,” என்றாள். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு காற்றடித்தபோது கவர் அவிழாமல் இன்னொரு கயிறு போட்டதும் அவள்தான்.

சனிக்கிழமை தோட்டத்தில் வேறு ஆளை விட்டுவிட்டு எட்டு மணிக்கே பாலத்தடிக்குப் போனேன். வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மடியில் கவர். கண்டக்டர் குரூப்பில் ஒரே வரி போட்டிருந்தார்: “இன்று பாலத்தடியில் சம்பவத் துவர்த்து நேரில் காட்டப்படும்.”

அதற்கு வந்தார்கள். கள் குடிக்க வரச் சொன்னபோது வராதவர்கள், என்னைப் பரிகாசம் செய்ய வந்தார்கள். எதற்கு வந்தால் என்ன?

ஒவ்வொருவர் வரும்போதும் நான் கவரைத் திறந்தேன். “மோந்து பாரு. பொறவு உள்ள போய்க் கள்ள மோந்து பாரு.” அவ்வளவுதான் சொன்னேன். அவர்கள் மோந்தார்கள். துள்ளினார்கள். ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோக்காரர் மோந்துவிட்டு என்னைப் பார்த்து, “எண்ணே, இத வச்சி வாயத் தொடச்சிட்டு நீங்க உசிரோட இருக்கியளே,” என்றார். அதில் மரியாதை இருந்தது.

பதினொரு மணிக்கு வாசலில் நெருக்கடி ஆகிவிட்டது. கண்டக்டர் தன் பழைய வேலையை எடுத்துக்கொண்டார். “மோந்தவங்க உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதிய. எடம் கெடக்கு உள்ள.” விசில் மட்டும்தான் இல்லை.

ரப்பர் விலைக்காகச் சேர்ந்த இருவரில் ஒருவரும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. கள் குடிக்கிறவர் இல்லை. துவர்த்தை நிதானமாக மோந்தார். யோசித்தார்.

“இது எந்தக் கம்பெனி அமோனியா?” என்று கேட்டார்.

“தெரியாது.”

“நல்ல ஸ்ட்ராங்கா இருக்கு,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

உள்ளே சேச்சி பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தார். கொத்தனார் மேசைக்கு மேசை போய், என் மீசையை மோந்த கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மேசையிலும் என் மீசை கொஞ்சம் பெரிதானது. நான் ஸ்டூலிலேயே இருந்தேன். எனக்கு ஒரு கிளாஸ் யாரும் கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்குக் கள் தீர்ந்தது. கேனைக் கவிழ்த்துக் காட்டினார் முதலாளி. அந்த நேரம் அவர் போன் அடித்தது. வண்டிக்காரன். நாளைக்கு எத்தனை கேன் கொண்டுவரட்டும் என்று அவன் கேட்பது வெளியே எனக்கே கேட்டது.

“வேண்டா,” என்றார் முதலாளி. “எனக்கு ஆள் உண்டு.”

கள் இறக்குகிறவர் பின்பக்கம் எலும்பையும் அரிவாளையும் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. என் ஸ்டூல் அருகே வந்து நின்றார். நான் எழுந்தேன்.

“தப்பு என்மேல,” என்றேன்.

“அது ஊருக்கே தெரியும்,” என்றார்.

சாயங்காலக் கள்ளுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் வெளியே வந்த கூட்டம் போகிற மாதிரி இல்லை. அவர் கூட்டத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். நேரத்துக்கு முன்பே ஏறத் தொடங்கினார். மேலே பாளை தட்டும் சத்தம் கேட்டதும் கொத்தனார்கூடப் பேச்சை நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் கழுத்தை நிமிர்த்தி அந்தத் தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.